விரதம் முடிந்ததாகச் சொன்ன குரல்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளராக உட்கார்ந்து, வாழ்நாளின் நல்ல பகுதியை ஒரே கேள்வி கேட்டுக் கழித்தவன் நான். "நீங்கள்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம்?" கேட்டதற்குச் சம்பளம் தந்தார்கள். இப்போது கேட்காமல் இருப்பதற்கு ஓய்வூதியம் தருகிறார்கள். புகைப்படம், கைரேகை, கையெழுத்து, அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. குரலுக்கு மட்டும் கிடையாது. வாயே திறக்காமல் ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் போனார்கள், பேசியதெல்லாம் தரகர்.

என் மனைவியின் உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாமே வாய்ச்சொல்தான். அவளுடைய அப்பா விட்டுப்போன பட்டுத் தொழிலை அவள்தான் நடத்துகிறாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலும், ஐயம்பேட்டையிலும், தென்னேரிப் பக்கமும் இருக்கும் நெசவாளர்களுக்குப் பாவும் பட்டும் சரிகையும் கொடுப்பாள். அவர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்து, புடவையைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். எந்த நிறம், எந்தக் கரை, எத்தனை நாளில் என்பதெல்லாம் எழுத்தில் இருந்ததே இல்லை. "எழுதி வெச்சா படிக்கணும். சொன்னா கேட்டா போதும்" என்பாள். போனில் குரல்செய்தி அனுப்பும் வசதி வந்தபோது, அதை யாரோ அவளுக்காகவே கண்டுபிடித்ததுபோல் எடுத்துக்கொண்டாள்.

தறிச் சத்தத்துக்கு மேலே எழுந்து பழகிய குரல் அது. "அரக்குன்னா அரக்கு. போன தடவ நீ குடுத்தது செங்கல். செங்கல் கட்டிக்கினு யாராவது மணையில உக்காருவாங்களா?" இப்படி நாள் முழுக்க ஏதாவது ஒரு தறிக்கு ஒரு செய்தி போய்க்கொண்டிருக்கும். நான் செய்தித்தாளோடு கூடத்தில் உட்கார்ந்தபடியே காஞ்சிபுரத்தில் இந்த வாரம் யார் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று தெரிந்துகொள்வேன்.

அந்தக் குரல் ஒரு நாள் கம்மியது. திட்டித் திட்டிக் கட்டிக்கொண்டது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படி நினைத்ததோடு நிற்காமல் சொல்லவும் செய்தேன். கஷாயம், மிளகு, பனங்கற்கண்டு, உள்ளூர் டாக்டர், பெரிய டாக்டர் என்று ஏறிப்போய், சென்னை மருத்துவமனை ஒன்றில் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது. இப்போது அவள் மூச்சு விடுவது கழுத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக. ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம், கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு நெசவாளருக்கும் அந்த மாதத்துக்கான செய்தியை அனுப்பி முடித்தாள். கரகரத்த குரலில் திட்டும் உண்டு, பாராட்டும் உண்டு. எனக்கு மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பிய மறுநாள் காலை பூக்காரம்மா வாசலில் நின்று வழக்கம்போல, "எவ்ளோம்மா வைக்கட்டும்?" என்று கேட்டார். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்த என் மனைவி விரலைக் காட்டினாள். பூக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"விரதமாம்மா? மௌன விரதமா?"

என் மனைவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் ஒருத்தி பேசாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். இது காஞ்சிபுரம், எந்த சாமிக்கு என்றுதான் கேட்டார்கள். ஆஸ்பத்திரி போய் வந்தது தெரிந்தவர்கள்கூட, உடம்பு தேறியதற்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று தாங்களே முடித்துக்கொண்டார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அவள் போனில் தட்டிக் காட்டினாள். "இருக்கட்டும். எனக்குக் குரல் இல்லன்னு தெரிஞ்சா தறிக்காரங்க வேற இடம் பாப்பாங்க. கடைக்காரங்க விலைய அடிப்பாங்க. மிச்சம் இருக்கறவங்க பாவம்னு பாப்பாங்க. அதான் ரொம்ப மோசம்."

"விரதத்துக்கு ஒரு காலவரம்பு உண்டே. ஒரு மண்டலம் ஆனதும் என்ன சொல்லுவே?" என்று நடைமுறைச் சிக்கலை எழுப்பினேன்.

"அப்ப பாத்துக்கலாம்" என்று தட்டினாள். என் உத்தியோகத்தில் எந்தக் கோப்பிலும் எழுத முடியாத பதில்.

நெசவாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, "அம்மா மௌன விரதத்தில் இருக்காங்க, யாரும் போன் பண்ணித் தொல்லை குடுக்காதீங்க" என்று கும்பிடும் கைகளோடு போட்டார்கள். அந்தக் குழுவில் எங்கள் நெசவாளர்கள் மட்டும் இல்லை. சாயக்காரர்கள், சரிகை விற்பவர்கள், இணைப்பைத் தட்டி உள்ளே வந்த முகம் தெரியாத பலரும் இருந்தார்கள். பல வருஷமாக அவள் நிறம் பற்றியும் கரை பற்றியும் அனுப்பிய குரல்செய்திகள் அத்தனையும் அதில் கிடந்தன. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டாக்டர் ஒரு கருவி கொடுத்திருந்தார். சின்ன டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். தாடைக்கு அடியில் அழுத்தி வாயை அசைத்தால் பேச்சு வரும். ஆனால் ஏற்ற இறக்கமில்லாத, ரீங்காரம் போடும் பேச்சு. வீட்டில் ஒரே ஒரு தடவை முயன்றாள். "காபி" என்றாள். தனக்கே கேட்டதும் கருவியைப் பட்டு வைக்கும் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினாள். "வண்டு பேசுது" என்று எனக்குத் தட்டி அனுப்பினாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உபயோகிக்கும் முறை அச்சிட்ட காகிதத்தை முழுக்கப் படித்தும் காட்டினேன். காகிதத்தையும் பீரோவுக்குள் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் குரலை நகல் எடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று செய்தித்தாளில் அடிக்கடி படித்தேன். மகன் குரலில் அழுது அப்பாவிடம் பறிக்கிறார்கள், அதிகாரி குரலில் மிரட்டுகிறார்கள் என்றெல்லாம். ஆள்மாறாட்டம் என் சொந்தத் துறை. சும்மா இருக்க முடியுமா? ஒரு வெள்ளிக்கிழமை சரிகை வாங்க வந்த நெசவாளர்களைக் கூடத்தில் உட்காரவைத்து விரிவாகப் பேசினேன். "யார் குரலில் வந்தாலும் நம்பக்கூடாது. என் குரலிலேயே வந்தாலும் நம்பக்கூடாது" என்று முடித்தேன். அரசாங்கப் பேச்சை எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டார்கள். டீ வரும் திசையைப் பார்த்துக்கொண்டு.

மண்டலம் கழிந்து சில நாள் ஆகியிருக்கும். காலைச் சாப்பாடு முடிந்த நேரம். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஐயம்பேட்டையில் எங்களுக்கு நெய்யும் பெண்மணி இறங்கினார். ஒரு கையில் தாம்பாளம். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, இரண்டு முழம் மல்லிகை. இன்னொரு கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய புடவை. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அம்மா எங்க? விரதம் முடிஞ்சி வாய தொறந்துட்டாங்களாமே! காலையிலயே அவங்க குரலக் கேட்டுட்டேன். கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார்."

"யார் குரலை?" என்றேன்.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? அம்மா குரலத்தான்."

போனை எடுத்துத் தட்டினார். புதிய எண். மேலே என் மனைவியின் படம். குழுவில் இருக்கும் அதே படம். குரல் வந்தது.

"நான்தான் பேசறேன். விரதம் முடிஞ்சுது. பழைய போன் ரிப்பேர், இது புது நம்பர். நெய்து முடிச்ச புடவை இன்னிக்கே வேணும். ஆள் அனுப்பறேன், அவர்கிட்ட குடுத்துடும்மா."

ஆபரேஷனுக்குப் பிறகு நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. பழைய செய்திகளைப் போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இது கம்முவதற்கு முந்தைய குரல். கூடத்தில் செய்தித்தாளுக்கு மேலே வந்து விழுமே, அந்தக் குரல். என் முதல் எண்ணம் மோசடி என்பதல்ல. இன்னொரு தடவை போடச் சொல்லலாமா என்பதுதான். சட்டம் படித்தவனின் மூளை அதற்கு அப்புறம்தான் எழுந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"புடவைக்கு ஆள் வந்தாங்களா?" என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்.

"வந்தாரு சார், பைக்ல. நாந்தான் குடுக்கல. மௌனம் முடிச்சவங்க வாயால அன்னிக்கே ஒரு வார்த்த நல்லதா கேட்டுக்கணும். எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தான். வெறுங்கையோட போய்க் கேக்கலாமா? புடவைய அவர்கிட்ட குடுத்துட்டா நான் எதைச் சாக்கா வெச்சு இங்க வர்றது? நீ போப்பா, நானே எடுத்துக்கினு போறேன்னு சொல்லிட்டேன். அவரு முணுமுணுத்துக்கினே போய்ட்டாரு." பிறகு என் மனைவி பக்கம் திரும்பித் தாம்பாளத்தை நீட்டினார். "ஒரு வார்த்த சொல்லும்மா. பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கறோம். நல்லா நடக்கும்னு உங்க வாயால ஒரு வார்த்த."

என் மனைவி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்மணி இன்னும் சிரித்தபடியே காத்திருந்தார்.

"அம்மாவால பேச முடியாதும்மா" என்றேன். "விரதம் இல்ல. தொண்டையில ஆபரேஷன். குரலே எடுத்துட்டாங்க. நீங்க கேட்டது வேற யாரோ மிஷின் வெச்சு செஞ்சது."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"விரதமே இல்லியா? நான் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சிட்டேனே சார்."

"அது வீண் போகாது" என்றேன். கோயில் நடைமுறை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது.

சட்டென்று அவர் வாயில் கை வைத்தார். "ஐயோ, தென்னேரிக்காரருக்கும் வந்திருக்குது. சந்தோசத்துல நாந்தான் அவருக்குப் போன் பண்ணேன். அவருக்கும் அம்மா பேசியிருக்காங்களாம். புடவைய தறியில இருந்து அறுத்துக்கினு இருக்கறேன், ஆள் வர்றாருன்னாரு."

அந்த வாரம் தறியிலிருந்து இறங்க வேண்டியவை அந்த இரண்டு புடவைகள்தான். இருவருமே முடியப்போகிற புடவையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தார்கள். திருடனுக்கு வேறு உளவு தேவையில்லை.

புடவை போனால் போகட்டும் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தென்னேரிக்காரர் எங்கள் பட்டை எங்கள் சொல்லின்பேரில் கொடுத்தேன் என்பார். நாங்கள் சொல்லவில்லை என்போம். இரண்டும் உண்மை. அதற்குப் பிறகு எந்தத் தறிக்காரர் அவள் பேரைச் சொல்லி வரும் எந்தச் செய்தியை நம்புவார்? அவளுக்கு இந்த ஊரில் இருந்தது கடையல்ல, பெயர்ப்பலகை அல்ல. சொன்னால் சொன்னதுதான் என்ற ஒரு பேச்சு மட்டும்தான். அது போனால் ஆபரேஷன் பாக்கி வைத்ததையும் எடுத்துக்கொண்டு போனது மாதிரி.

தென்னேரிக்காரருக்கு நான் போன் செய்தேன்.

"புடவையைக் கொடுக்காதீங்க. அது அம்மா இல்ல. ஏமாத்து வேலை."

"நீங்க யாரு பேசறது?"

"நான்தாங்க, அம்மா வீட்டுக்காரர்."

"அவர் குரல் மாதிரிதான் இருக்குது. ஆனா யார் குரல்ல வந்தாலும் நம்பக்கூடாதுன்னு சாரே சொல்லியிருக்காரு. அவர் குரல்லயே வந்தாலும் நம்பாதேன்னாரு. அதான் உங்கள நம்பல."

"அப்ப அம்மா குரலை மட்டும் எப்படி நம்பினீங்க?"

"அம்மாவ எப்படிங்க நம்பாம இருக்கறது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் சொற்பொழிவைக் கவனமாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. என் மனைவியின் திருட்டுக் குரலுக்கு இருந்த மரியாதை என் சொந்தக் குரலுக்கு இல்லை. இதில் எனக்கு வருத்தமில்லை. பல வருஷமாக வீட்டிலும் அப்படித்தான்.

நேரில் போவதைத் தவிர வழியில்லை. பக்கத்து வீட்டு பாய் சரிகை வியாபாரி. ஆற்காட்டிலிருந்து எந்தக் காலத்திலோ வந்து இந்த ஊரிலேயே வேர்விட்ட குடும்பம். கதவைத் தட்டி விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் கார்ச் சாவியோடு வெளியே வந்துவிட்டார்.

"மிச்சத்தக் கார்ல சொல்லுங்க சார். ஜல்தி."

கிளம்பும்போது என் மனைவி உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பைக்குள் எதையோ போட்டுக்கொண்டு வந்தாள். ஐயம்பேட்டைப் பெண்மணியும் கூடவே ஏறிக்கொண்டார். "நீங்க எதுக்கும்மா?" என்றேன். "சாட்சிக்கு" என்றார். சாட்சி கேட்டே பழகியவன், கார்க் கதவைச் சாத்தினேன்.

வாலாஜாபாத் தாண்டி ஏரிக்கரை வரும்வரை பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்கக் கூடாது," என்றார் நடுவில். "விரதம்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான். உங்களால பேசாம இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? என் வீட்டுச் செவுரு ஒத்தக்கல் செவுரு." பின்சீட்டில் என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து திரும்பினேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தென்னேரி வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றிருந்தது. பார்சல் கம்பெனி சட்டை போட்ட நடுவயதுக்காரர் ஒருவர், வெயிட்டிங் சார்ஜ் ஏறுகிறது என்று யாரிடமோ போனில் புலம்பிக்கொண்டிருந்தார். உள்ளே நெசவாளர் புடவையை மடித்து, பார்சல் பையைத் திறந்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மா, நீங்களே வந்துட்டீங்களா? உங்க ஆளுகிட்ட இப்பத்தான் குடுக்கப் போறேன். முடிச்சுப் போடறப்ப நீங்க வந்து நிக்கறீங்க."

என் மனைவி கழுத்தைச் சுற்றியிருந்த தலைப்பை விலக்கினாள். வெளியாள் யாருக்கும் அதுவரை காட்டாதது. பையிலிருந்து கருவியை எடுத்துத் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள்.

"குடுக்காத" என்றாள்.

பக்கத்துத் தறி நின்றது. நெசவாளர் ஓரடி பின்வாங்கினார். "இன்னா சார் இது?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அவள் கையமர்த்தினாள். மறுபடி அழுத்தினாள். "நான்தான்."

ஒரு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற பேச்சு. அவர் கையிலிருந்த போனில் இருந்ததோ அச்சு அசலான அவள் குரல். எந்தச் சார்பதிவாளரும் போனைத்தான் நம்பியிருப்பான். நெசவாளர் போனையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆபரேஷன், குரல், திருட்டு என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அவள் காத்திருக்கவில்லை. மடித்திருந்த புடவையை எடுத்தாள். வழக்கம்போல முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு மடிப்பைப் பிரித்துப் பின்பக்கத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் கோர்வையின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். கருவியை அழுத்தினாள்.

"இங்க வெலகி இருக்குது."

அவர் குனிந்தார். "எங்கம்மா?"

"கண்ணத் தொற. இங்க."

அவர் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "அம்மாதான் சார்" என்றார். "அம்மாதான். போன்ல அவ்ளோ மரியாதையா 'குடுத்துடுங்க'ன்னு வந்துது. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

பார்சல்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், அப்ப ட்ரிப் கேன்சலா?" அவர் மேல் தப்பில்லை. செயலியில் யாரோ பதிவு செய்திருந்தார்கள். வாலாஜாபாத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வெயிட்டிங் சார்ஜை நான் கொடுத்தேன். அன்றைய மோசடியில் எங்களுக்கு நேர்ந்த நஷ்டம் அது ஒன்றுதான்.

அன்று பிற்பகலே இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். புகார் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. பின்னிணைப்புகளோடு நான் கொண்டுபோனதைப் பார்த்து உதவி ஆய்வாளராக இருந்த இளம்பெண் சற்று மிரண்டார். பொறுமையாகப் படித்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"இது உங்க குரல் இல்லைன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

என் கேள்வி. வாழ்நாள் முழுக்க நான் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது அது எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

என் மனைவி தலைப்பை விலக்கினாள். கருவியை அழுத்தினாள். "என் குரல்தான். நான் பேசல."

உதவி ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகுதான் மறுபடி எழுத உட்கார்ந்தார். எந்த விதியிலும் அந்தத் தண்ணீர் இல்லை. அவள் சொன்னதை மாற்றாமல் அப்படியே வாக்குமூலத்தில் எழுதினார். சட்டப்படி அதைவிடத் துல்லியமாக என்னால்கூட எழுதியிருக்க முடியாது.

குழுவில் கிடந்த குரல்செய்திகளிலிருந்துதான் நகல் எடுத்திருப்பார்கள் என்றார். குழுவை மூடச் சொன்னார். புதிய எண்ணிலிருந்து எது வந்தாலும் பழைய எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் நேரில் வாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். அந்த எண் யாரோ சம்பந்தமில்லாத ஒருவர் பெயரில் வாங்கியதாகப் பிறகு தெரிந்தது. திருடன் இன்னும் கிடைக்கவில்லை. கிடைப்பான் என்ற நம்பிக்கை உதவி ஆய்வாளருக்கு இருக்கிறது. அவருக்கு வயது குறைவு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அந்தச் செய்தியைக் கேட்க வேண்டும் என்றாள். ஐயம்பேட்டைப் பெண்மணி எனக்கு அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கையை நீட்டியபடியே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். மறுபடி ஒரு தடவை கேட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீங்காரம் கேட்டது.

"நல்லாத்தான் பேசியிருக்கேன்."

பிறகு அழித்துவிட்டாள். குழுவில் இருந்தவற்றையும் நெசவாளர்கள் ஒவ்வொருவராக அழித்தார்கள். அழிப்பதால் நகல் எடுத்தவனிடம் இருப்பது போய்விடாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தன் பொருள் தெருவில் கிடக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். என் போனில், "பால் வாங்கிட்டு வாங்க", "கேஸ்காரன் வந்தானா?", "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று பழைய செய்திகள் சில உண்டு. அவற்றையும் அழிக்கச் சொல்வாளோ என்று இரண்டு நாள் போனை மறைத்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை; தெரிந்துதான் கேட்கவில்லை. அதற்காக நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று யோசித்தால் அது நீண்டுகொண்டே போகிறது. ஒரு நல்ல வார்த்தைக்காகப் பழத்தட்டோடு ஆட்டோ ஏறிய அந்தப் பெண்மணி. பாதி கேட்டதும் சாவி எடுத்த பாய். என்னை நம்பாமல் இருந்த தென்னேரிக்காரர். அவர் என்னை நம்பியிருந்தால் நாங்கள் போயிருக்க மாட்டோம், கருவி இன்றைக்கும் பீரோவில் இருக்கும். நடைமுறை எதுவும் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றவில்லை. நான் அதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை.

தறிக்காரர்கள் ஒருவரும் வேறு இடம் பார்க்கவில்லை. இப்போது செய்தி என்று ஒன்றும் போவதில்லை. நிறம் கேட்கவும் நேரில்தான் வருகிறார்கள், அதனால் எங்கள் வீட்டில் டீச்செலவு கூடியிருக்கிறது. பூக்காரம்மா ரீங்காரத்துக்குப் பழகிவிட்டார். ஐயம்பேட்டைப் பெண்மணியின் மகளுக்கு வரன் இன்னும் அமையவில்லை. ஆனால் அவர் வரும்போதெல்லாம் என் மனைவி, "நடக்கும்" என்று அழுத்திச் சொல்கிறாள். அவரும் ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

போன வாரம் சென்னைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். அவளுக்கு ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும்; அதனால்தான் துணிந்து விலையைப் பாதியாக அடித்துக் கேட்டார். நான் பேசட்டுமா என்று சைகை செய்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, கருவியைத் தாடையில் அழுத்தித் தன் விலையைச் சொன்னாள்.

"அம்மா, என்னமோ இரைச்சலா கேக்குது. சிக்னல் சரியில்ல போல" என்றார் கடைக்காரர்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்குது" என்றாள். "உன் விலைதான் சரியில்ல."